வேட்பாளர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று கேட்கலாமா?

ஒகையோ ராசா:
இந்தத் திரியைத் தொடங்கக் காரணம் என் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபது வயது. பனிக்காலத்தில் தன் வாசலில் கிடக்கும் பனியைத் தள்ளி முடித்ததும், கேட்காமலேயே என் வாசலிலும் தள்ளிக் கொடுப்பவர். போன வாரம் விவேக் ராமசாமி பேச்சு வந்தது. எங்கள் மாநில ஆளுநர் பதவிக்கு நிற்கிறேன் என்று கிளம்பியிருக்கிறார் அல்லவா? பெரியவர் பேச்சை 2024 அதிபர் தேர்தலுக்குக் கொண்டுபோய்விட்டார். அதில் குடியரசுக் கட்சி வேட்பாளராக ராமசாமி முயன்றார். "அப்போதே எனக்கு மனசு வரவில்லை. கிறிஸ்தவர் இல்லாத ஆளை எப்படி அதிபராக்குவது?" என்றார். என் வாசலில் மாவிலைத் தோரணம் தொங்குகிறது. அதற்குக் கீழே நின்றுகொண்டுதான் சொன்னார்.

2023 டிசம்பரில் அயோவாவில் சிஎன்என் நடத்திய கூட்டத்தில் ஒரு வாக்காளரும் இதைத்தான் கேட்டார்: இந்த நாட்டை நிறுவியவர்களின் மதம் உங்களுடையது இல்லையே என்று சொல்கிறவர்களுக்கு என்ன பதில்? ராமசாமி தான் இந்து என்பதை மறைக்கவில்லை. கிறிஸ்தவத்தைப் பரப்புவதற்கு நான் பொருத்தமான அதிபர் இல்லைதான், ஆனால் அது அதிபரின் வேலையும் இல்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். அடுத்த மாதம் அயோவாவில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்வில் நான்காவதாக வந்து, அன்றிரவே போட்டியிலிருந்து விலகினார்.

அவருடைய கொள்கைகள் எனக்கு ஆகாது, அது வேறு. ஆனால் எந்த மத்திய அரசுப் பதவிக்கும் மதத்தைத் தகுதியாகக் கேட்கக் கூடாது என்று 1787-இலேயே அரசமைப்பின் 6-ஆம் பிரிவில் எழுதி வைத்த நாடு இது. ஆளுக்கு நிர்வாகம் தெரியுமா, கை சுத்தமா என்று பார்த்தால் போதாதா? எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன?

கருப்புச்சட்டை:
மாவிலையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 6-ஆம் பிரிவை பிரிண்ட் எடுத்து ஒட்டுங்கள் ராசா.

டாலஸ் கிரேஸ்:
ராசா அண்ணா, 6-ஆம் பிரிவு கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. உங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தாவை அல்ல. இந்த மதத்தார் பதவிக்கு வரக் கூடாது என்று சட்டம் போட முடியாது, அவ்வளவுதான் அது சொல்வது. ஓட்டுப் போடுகிறவர் எதைப் பார்த்துப் போடலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லாது. தலைமுடியைப் பார்த்துப் போடுகிறவர்கள்கூட உண்டு.

நான் நாசரேத்துக்காரி. ஆறு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். (இங்கே சபையில் புதிதாகப் பார்க்கிற யாராவது "நீங்கள் எப்போது மதம் மாறினீர்கள்?" என்று அன்பாகக் கேட்பார்கள். அந்தக் கதை இன்னொரு நாள்.) எனக்கு விசுவாசம் ஞாயிற்றுக்கிழமை உடுத்துகிற பட்டுச்சேலை இல்லை. பிள்ளை வளர்ப்பதிலும் கடன் கொடுப்பதிலும் வாங்குவதிலும் அது இருக்கிறது. ஒரு அதிபர் படையை அனுப்பும்போதும், மரண தண்டனைக் கைதியின் கருணை மனுவைக் கையில் எடுக்கும்போதும் அவருக்குள் என்ன ஓடும்? அதைக் கேட்காதே என்றால் ஆளில் பாதியைப் பார்க்காதே என்கிறீர்கள்.

பழைய பேப்பர்:
சட்டம் சகோதரி சொல்கிறபடிதான். ஆனால் அந்தக் கேள்வியை யாரிடம், எதற்காகக் கேட்டிருக்கிறார்கள் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

1928-இல் நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித் ஜனநாயகக் கட்சி வேட்பாளர். பெரிய கட்சி ஒன்று அதிபர் பதவிக்கு நிறுத்திய முதல் கத்தோலிக்கர். இவர் வந்தால் போப்பாண்டவர்தான் நாட்டை ஆள்வார் என்றார்கள். அப்போது புதிதாகத் திறந்திருந்த ஹாலந்து சுரங்கப்பாதை வாடிகன் வரை போகிறது என்றுகூடக் கதை கட்டினார்கள். ஹூவரிடம் படுதோல்வி. உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், அந்த வருடம் பொருளாதாரம் இருந்த இருப்புக்கு யார் நின்றிருந்தாலும் ஹூவர்தான் ஜெயித்திருப்பார். ஆனாலும் அந்தக் கசப்பு கத்தோலிக்கர்களுக்கு 32 வருடம் போகவில்லை.

1960-இல் கென்னடி. மேற்கு வர்ஜீனியா அநேகமாக முழுக்கப் புராட்டஸ்டண்டு மாநிலம். கடற்படையில் சேர்ந்தபோது நீ கத்தோலிக்கனா என்று என்னை யாரும் கேட்கவில்லையே என்று அங்கே பேசினார், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் ஜெயித்தார். அப்படியும் விடவில்லை. செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டனில் புராட்டஸ்டண்டு போதகர்கள் கூட்டத்தில் போய் நின்று, நான் கத்தோலிக்க வேட்பாளர் இல்லை, ஜனநாயகக் கட்சி வேட்பாளர், கத்தோலிக்கனாகவும் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. நவம்பரில் நாடு முழுவதும் எண்ணியபோது வித்தியாசம் சுமார் 1,12,000 ஓட்டு. கிட்டத்தட்ட 7 கோடிப் பேர் போட்ட தேர்தலில்!

டாலஸ் கிரேஸ்:
பேப்பர் சார், நீங்கள் சொன்ன கதை என் பக்கம்தான் சாய்கிறது. கென்னடி "இதைக் கேட்க நீங்கள் யார்?" என்று சொல்லவில்லை. போனார், பேசினார், பேசி முடித்ததும் போதகர்கள் கேட்ட கேள்விகளுக்கும் நின்று பதில் சொன்னார். மனசாட்சிக்கும் நாட்டு நலனுக்கும் ஒத்துவராத நிலை வந்தால் பதவியை ராஜினாமா செய்வேன் என்றும் சொன்னார். கேட்டதால்தானே அந்த வாக்குறுதி கிடைத்தது?

ஒகையோ ராசா:
கிரேஸ், அவரை மட்டும் ஏன் கேட்டார்கள்? எதிரே நின்ற நிக்சன் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். போரே கூடாது என்பது குவேக்கர் மரபு. முப்படைக்கும் தலைவராகப் போகிறவரிடமல்லவா முதலில் மதத்தைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்? அவரை எந்த ஊரிலாவது போதகர்கள் எதிரே நிறுத்தி இப்படி விளக்கம் கேட்டதாக நான் படித்ததில்லை. பெரும்பான்மைக்குள் இருப்பவருக்குப் பரீட்சை கிடையாது. வெளியே நிற்பவருக்கு மட்டும் கேள்வித்தாள்.

பெருங்குடி பாலா:
நிக்சன் பாயிண்ட் அருமை அண்ணே. அந்த ஆள் வியட்நாமில் குண்டு போட்ட கணக்கைப் பார்த்தால் குவேக்கர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

கருப்புச்சட்டை:
இந்துவுக்கும் கத்தோலிக்கருக்கும் வருத்தப்படுகிறீர்கள். எங்கள் ஆட்களை யாராவது நினைத்தீர்களா? உங்கள் கட்சி நிறுத்துகிற தகுதியான வேட்பாளர் இன்னார் என்றால் போடுவீர்களா என்று கேலப் நிறுவனம் பல வருடமாகக் கேட்கிறது. 2020 ஜனவரியில் கத்தோலிக்கர் என்றால் 95 சதவீதம் சரி என்றார்கள். யூதர் 93. முஸ்லிம் 66. நாத்திகர் 60. எங்களுக்குக் கீழே இருந்தவர் சோஷலிஸ்ட் ஒருவர்தான், 45.

கிரேஸ் அம்மா இருக்கும் டெக்சாஸ் மாநில அரசமைப்பைத் திறந்து பாருங்கள். பதவிக்கு மதத் தகுதி கிடையாது என்று ஆரம்பிக்கும் வாக்கியம், பரம்பொருள் ஒன்று உண்டு என்று ஒப்புக்கொண்டால் போதும் என்கிற மாதிரி முடியும். இதைப் போன்றவை செல்லாது என்று 1961-லேயே மேரிலாந்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. அந்த வழக்கும் நோட்டரி பப்ளிக் பதவிக்காக. முத்திரை குத்துகிற வேலைக்குக்கூடக் கடவுள் வேண்டியிருந்திருக்கிறது!

நம் ஊரில் கலைஞர் ஐந்து முறை முதல்வர். "உளமார உறுதி கூறுகிறேன்" என்று பதவி ஏற்றார். அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள்தான்.

பெருங்குடி பாலா:
தோழர், மாநிலத்தையும் நாட்டையும் ஒரே தராசில் போடாதீர்கள். சாதியைப் பார்த்துத் தொகுதி ஒதுக்குகிற ஊரிலிருந்து கொண்டு மதம் பார்க்காத பெருமை பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லலாம். இந்தியாவில் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)-இன்படி முறைகேடு. தேர்தலே செல்லாமல் போகலாம். 2017-இல் உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில், வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அதே கதிதான் என்றது. அங்கே அந்தத் தடை கிடையாது. சட்டம் இருந்து நாங்கள் என்ன கிழித்தோம் என்று கேட்டால் பதில் இல்லை.

பழைய பேப்பர்:
கேட்கலாம் என்று கிரேஸ் சொல்கிறார். சரி, கேட்டார்கள். பதிலை வைத்து என்ன செய்தார்கள்? 1976-இல் ஜிம்மி கார்ட்டர் "மறுபடியும் பிறந்தவன்" என்று வெளிப்படையாகச் சொன்ன பாப்டிஸ்ட். ஞாயிறு பள்ளியில் பைபிள் பாடம் நடத்தியவர். பதவி போன பிறகும், தொண்ணூறு வயதைத் தாண்டியும் நடத்தினார். 1980-இல் சுவிசேஷ சபைக்காரர்களில் பெரும்பகுதி அவரை விட்டுவிட்டு ரீகன் பக்கம் போனார்கள். ரீகன் விவாகரத்து ஆகி மறுமணம் செய்தவர். தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகிறவர் என்று பெயர் எடுத்தவரும் இல்லை. பக்திதான் அளவுகோல் என்றால் கார்ட்டர் தோற்றிருக்க முடியுமா?

டாலஸ் கிரேஸ்:
கார்ட்டர் விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. என் சபையில் அந்த வயதுக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். பெட்ரோல் விலை, ஈரான் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஆனால் ராசா அண்ணாவுக்கு ஒரு கேள்வி. 2017 ஜூன். ரஸ்ஸல் வோட் என்பவரை வெள்ளை மாளிகை பட்ஜெட் அலுவலகத் துணை இயக்குநராக நியமிக்க செனட்டில் விசாரணை. அவர் முன்பு ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இயேசுவை மறுத்ததால் முஸ்லிம்கள் கடவுளை அறியாதவர்கள், ஆக்கினைத் தீர்ப்புக்கு உள்ளானவர்கள் என்று. அது பல சபைகளில் சாதாரணமாகச் சொல்லும் போதனை, எனக்கும் சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகியதுதான். பெர்னி சாண்டர்ஸ் அதை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில், இவருக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன் என்றார். கேட்டவர் வாக்காளர் இல்லை, செனட்டர். நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிற 6-ஆம் பிரிவு இங்கே எங்கே போனது?

ஒகையோ ராசா:
சாண்டர்ஸ் கேட்டது சரி. நான் இந்த நாட்டில் வரி கட்டுகிறேன். நரகத்துக்குப் போகிறவன் என்று என்னை நினைக்கிறவர் கையில் என் பணத்தைக் கொடுக்க எனக்குப் பயம் இருக்காதா?

டாலஸ் கிரேஸ்:
அதைத்தான் சொல்கிறேன் அண்ணா. இப்போது நீங்களே மதத்தைப் பார்த்துவிட்டீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் அதே பயம்தான், வேறு திசையிலிருந்து.

கருப்புச்சட்டை:
மாட்டினார் ராசா.

மட்டுறுத்துனர்:
நரகத்தில் யார் யார் இருப்பார்கள் என்று பட்டியல் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். திரி தலைப்பை ஒட்டி நடக்கட்டும்.

பழைய பேப்பர்:
ராசா மாட்டினார்தான், ஆனால் முழுசாக இல்லை. சாண்டர்ஸ் தொட்ட இடம் சரி, பிடித்த விதம் தவறு என்பது என் எண்ணம். ஒருவர் மோட்சம், நரகம் பற்றி என்ன நம்புகிறார் என்பது அவருக்கும் அவர் கடவுளுக்கும் இடையில் உள்ளது. அந்த நம்பிக்கையால் ஒரு முஸ்லிம் ஊழியரின் பதவி உயர்வு நிற்குமா, ஒரு ஊருக்குப் போக வேண்டிய பணம் நிற்குமா என்பது நம் விஷயம். வோட் அந்த விசாரணையிலேயே, எல்லோரும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள், மதம் எதுவானாலும் மரியாதைக்குரியவர்கள் என்று சொல்லிப் பார்த்தார். அதைப் பிடித்துக்கொண்டு, "அப்படியானால் வேலையில் எப்படி நடப்பீர்கள்?" என்று கேட்டிருக்கலாம். சாண்டர்ஸ் நரகத்திலேயே நின்றுவிட்டார். 2018 பிப்ரவரியில் ஓட்டுகள் சமமாக நின்று, துணை அதிபர் பென்ஸ் போட்ட ஓட்டில்தான் வோட் தேறினார்.

இருபது கடவுள் உண்டு என்றோ கடவுளே இல்லை என்றோ அண்டை வீட்டான் சொல்வதால் என் சட்டைப் பையிலிருந்து காசு போகாது, என் காலும் உடையாது என்று ஜெபர்சன் எழுதினார். எழுதியதற்காகவே 1800 தேர்தலில் அவரை நாத்திகர் என்று வசை பாடினார்கள், ஆனாலும் ஜெயித்தார். காசு போகுமா, கால் உடையுமா என்று கேளுங்கள். அதற்கு எந்த மதத்தாரும் கோபப்பட மாட்டார்கள்.

டாலஸ் கிரேஸ்:
கால் உடையுமா என்று கேட்பதற்கே, அவர் எதை நம்புகிறார் என்று தெரிந்திருக்க வேண்டுமே சார். நீங்கள் என் கேள்வியை வாங்கி, துடைத்து, திருப்பித் தருகிறீர்கள்.

பழைய பேப்பர்:
துடைத்ததையாவது ஒத்துக்கொண்டீர்களே. மற்றபடி நிக்சன் கதையைத்தான் திரும்பச் சொல்வேன். கேள்வி எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பெருங்குடி பாலா:
இடையில் ஒன்று. கமலா ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில், அவர் ஜெயிக்க சாஸ்தா கோயிலில் அபிஷேகம் பண்ணினார்கள். அவரோ சான்பிரான்சிஸ்கோவில் பாப்டிஸ்ட் சபை உறுப்பினர். ராமசாமி வீட்டில் தமிழ் பேசுகிற பாலக்காட்டுக் குடும்பம், படித்தது சின்சினாட்டியில் ஜேசுயிட் பாதிரியார்களின் கத்தோலிக்கப் பள்ளி. ஆளுநர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் பாபி ஜிண்டாலும் நிக்கி ஹேலியும் பதவிக்காகத்தானே மதம் மாறினார்கள்?

டாலஸ் கிரேஸ்:
பாலா, ஜிண்டால் மனம் மாறியது பள்ளி, கல்லூரிப் பருவத்தில். அப்போது அவர் எந்தத் தொகுதியில் நின்றார்? ஹேலி ஒரு மெதடிஸ்ட் கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்தவர், அரசியலுக்கு வந்தது பிறகு. மாறினவர் எல்லோரும் எதையோ வாங்கிக்கொண்டு மாறினார் என்பது எங்கள் குடும்பம் ஆறு தலைமுறையாகக் கேட்கிற பேச்சு.

பெருங்குடி பாலா:
மன்னியுங்கள் அக்கா. அது தப்பான பேச்சுதான்.

ஒகையோ ராசா:
மூன்று நாள் கழித்து வருகிறேன். நேற்று குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போது பெரியவரிடமே கேட்டேன். பேப்பர் சார் சொன்ன மாதிரி. "ராமசாமி அதிபராகியிருந்தால் உங்கள் தேவாலயத்துக்கு என்ன கெடுதல் வந்திருக்கும்?" யோசித்தார். ஒன்றும் வந்திருக்காது என்றார். "அவர் கிறிஸ்தவராக இருந்தால் போட்டிருப்பீர்களா?" என்றேன். மறுபடியும் யோசித்தார். "இல்லை. அந்தப் பையன் ரொம்ப வேகமாகப் பேசுகிறான், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை" என்றார்.

அப்புறம் ஏன் மதத்தைச் சொன்னீர்கள் என்றதற்கு, "எங்கள் ஆட்களிடம் அதைச் சொன்னால் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள்" என்றார்.

கருப்புச்சட்டை:
அதை அவர் மாவிலைக்குக் கீழே நின்று சொன்னாரா, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னாரா?

ஒகையோ ராசா:
குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்.

டாலஸ் கிரேஸ்:
அப்படியானால் நம்புகிறேன்.