மாசிபத்திரியா, பார்த்தீனியமா?

வரப்போரம்: தாராபுரம் பக்கம் எங்க தோட்டம். சும்மா கிடந்த காட்டுல மழைக்கு அப்புறம் ஒரு செடி அடர்ந்து முளைச்சிருக்குதுங்க. இலை பொடிப்பொடியா வெட்டுப்பட்டு இருக்குது. அம்மா மாசிபத்திரின்னு நெனச்சு சாமி மாலைக்குப் பறிச்சாங்க. மறுநாள் ரெண்டு கையும் தடிச்சு ஒரே அரிப்பு. இது என்ன செடின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

தோட்டக்காரம்மா: தம்பி, இலையைத் திருப்பிப் பாருங்க. மாசிபத்திரிக்கு மேல பச்சை, அடியில பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை. அரிப்பைக் கிளப்பற பார்த்தீனியக் களைக்கு ரெண்டு பக்கமும் பச்சைதான், மேல மெல்லிய சுணை இருக்கும். மாசிபத்திரி கசக்கினா வாசம் தூக்கும். அதுக்காக வெறுங்கையில கசக்கிப் பார்த்துடாதீங்க.

பார்த்தீனியத்துக்கு இளசுல தண்டே தெரியாது. இலையெல்லாம் தரையோட தரையா வட்டமாப் படிஞ்சு கேரட் செடியாட்டம் இருக்கும். நானே கேரட் பாத்தியில ஏமாந்து மூணு வாரம் தண்ணி விட்டு வளர்த்தவ, சிரிக்காதீங்க. அப்புறம் நடுவுல இருந்து வரிவரியா தண்டு கிளம்பி இடுப்பளவு, சில இடத்துல ஆளுயரம்கூடப் போகும். கிளை நுனியில கொத்துக்கொத்தா, கொத்தமல்லி விதை அளவுக்கு வெள்ளைப் பூ. உத்துப் பார்த்தா அஞ்சு மூலை தெரியும். அதைப் பார்த்துட்டா அப்புறம் சந்தேகமே வேண்டாம்.

பூ விடறதுக்கு முன்னால, மண்ணு ஈரமா இருக்கறப்ப, கையுறை போட்டு வேரோட பிடுங்குங்க. அறுத்து விட்டா அடியில துளிர்த்துக்கும். ஒரு செடியே பத்தாயிரம் விதைக்கு மேல போடும். பூத்ததைக் குப்பைக்குழியில போட்டா, அடுத்த வருஷம் நீங்களே எருவோட சேர்த்து விதைச்ச மாதிரி. அம்மாவைத் தோல் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க.

எருமைப்பட்டி: மாடு மேஞ்சா பாலும் கசக்கும். 1950கள்ல புனே பக்கம் கண்ணுல பட்ட செடி, அமெரிக்கக் கோதுமையோட வந்ததுன்னு சொல்லுவாங்க. ஓசூர்ல இருந்தப்ப காங்கிரஸ் செடின்னு கேள்விப்பட்டிருக்கேன்.

பூச்சிப்பிரியன்: இலையில வெளிர் முதுகும் கரும்பழுப்புக் கோடுமா வண்டு இருந்தா மருந்தடிக்காதீங்க. மெக்சிகோ வண்டு அது, 1984ல பெங்களூர்ல கொண்டுவந்து விட்டது. இந்தச் செடிதான் அதுக்குச் சோறு.

வரப்போரம்: குச்சியால திருப்பிப் பார்த்தேனுங்க. ரெண்டு பக்கமும் பச்சை. நாலு செடியில பூவும் வந்தாச்சு, அஞ்சு மூலையேதான். நாளைக்குக் காலையில பிடுங்கறோம். அம்மாதான் இன்னும் மாசிபத்திரின்னே சாதிக்கறாங்க.