பொருள்: மறு: ‘ஹோகோ’வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். ஜமைக்கா ரம்மின் கெடுதலும் பழமும் கலந்த கடும் வாடையைத்தான் ‘ஹோகோ’ என்கிறார்கள். அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> ‘நறுமணம்’ போதுமே, புதுச் சொல் எதற்கு?

போதாது ஐயா. ஜமைக்காவின் ட்ரெலானி பகுதியில் இருக்கும் ஹாம்ப்டன் ஆலையின் ரம்மை ஒருமுறை முகர்ந்தவர் அதை நறுமணம் என்று எழுத மாட்டார். போன வாரம் இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். முதலில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி. அது பறந்ததும் அன்னாசி. அதற்கும் அடியில், பழுத்து வெடித்த பலாவை இரண்டு நாள் அறைக்குள் பூட்டி வைத்தாற்போல ஒன்று. முகம் சுளிக்கிறது, கை மறுபடி மூக்குக்கே போகிறது.

‘ஹோகோ’ என்பதே பிரெஞ்சு ‘ஓ கூ’வின் திரிபுதான். சில நாள் தொங்கவிட்டுப் பதமேறிய வேட்டை இறைச்சிக்குச் சொன்னது. கெடுதலும் சுவையும் மூலச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

செய்முறையும் அப்படித்தான். வடித்த பிறகு கலத்தில் மிஞ்சும் புளித்த நீரை, அதாவது டண்டரை, அடுத்த ஊறலில் சேர்க்கிறார்கள். ஊறல் வாரக்கணக்கில் கிடக்கிறது. அதில் பெருகும் பாக்டீரியா பியூட்ரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. கெட்ட வெண்ணெயின், வெளிப்படையாகச் சொன்னால் வாந்தியின், நாற்றம் அதற்கு. அதே அமிலம் ஆல்கஹாலோடு கூடி எத்தில் பியூட்ரேட் என்ற எஸ்டர், அதாவது மணம் தரும் சேர்மம், ஆனதும் அன்னாசியாக மணக்கிறது! ஹாம்ப்டன் தன் ரம் வகைகளுக்கு இடும் முத்திரைகளில் ஒன்றான ‘டி.ஓ.கே.’ வகையில் நூறு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 1,500 முதல் 1,600 கிராம் வரை எஸ்டர். அப்படியே குடிப்பதற்கென்று காய்ச்சியதல்ல அது. இத்தகைய ரம்மை ஜெர்மானியர்கள் மணமற்ற சாராயத்தில் துளி கலப்பதற்காக வாங்கினார்கள், நாம் சாம்பாருக்குப் பெருங்காயம் வாங்குவதுபோல.

> ‘முடை’ பழஞ்சொல், சுருக்கமும்கூட.

அதில் புலால் இருக்கிறது, பழம் இல்லை. ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது. இனி அதை மீட்க முடியாது.

என் பரிந்துரை: கனிவீச்சம். மீனுக்கும் முட்டைக்கும் தினமும் சொல்கிற ‘வீச்சம்’தான். ‘கனி’ பழமாகவும் நிற்கும், கனிதலாகவும் நிற்கும். இயற்பியலின் ‘வீச்சு’டன் குழம்பும் என்ற அச்சம் வீண். ஒரு சுவைக்குறிப்பில் வைத்துப் பார்த்தேன்:

“வாய் குறுகிய கோப்பையில் ஊற்றிப் பத்து நிமிடம் விடவும். உதடுகளைச் சற்றுத் திறந்தபடி முகர்ந்தால் நெடி அவ்வளவாகக் குத்தாது. சில சொட்டு நீர் விட்டதும் கனிவீச்சம் மேலெழும். காலிக் கோப்பையைக் கழுவாமல் வைத்து மறுநாள் காலையிலும் முகரவும். கரும்புப்பாகும் மரமும் தங்கியிருக்கும்.”

இடறவில்லை என்றே நினைக்கிறேன்.

———

மறு: மறு: ‘ஹோகோ’

அரைமனதோடு ஏற்கிறேன். அந்த ரம்மில் ஆலிவ் ஊறிய உப்புநீரின் வாடையும் உண்டே, அதற்கு ‘கனி’யில் இடமில்லை. ஆனால் ‘முடை’யைவிட மேல்.

டண்டருக்கு என்ன செய்வது? கள்ளின் அடியில் தங்குவதை ‘மண்டி’ என்போம், ஆனால் அது படிவு. ‘அடிநீர்’ எப்படி?

———

மறு: மறு: மறு: ‘ஹோகோ’

அடிநீர் வேண்டாம், நிலத்தடி நீர் என்று படித்துவிடுவார்கள். ‘வடிமிச்சம்’? தனி இழையில் பேசுவோம்.