முழங்கை வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போடலாமா?

தேக்காக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். வயது 47. உணவங்காடி நிலையத்தில் பரோட்டாக் கடையில் இருபது வருடமாக நிற்கிறேன். ஆறு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம், எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் வலி. மாவை வீசும்போது மட்டும் இருந்தது, இப்போது தே தாரிக் குவளையைக்கூட ஒரு கையால் தூக்க முடியவில்லை. கதவுப் பிடியைத் திருப்பினால் சுரீர் என்கிறது. டாக்டர் டென்னிஸ் எல்போ என்றார். அடுத்த முறை வரும்போது வேண்டுமானால் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார். மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். முதலாளி, போட்டுக்கொண்டு சீக்கிரம் வா என்கிறார். போட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ்72
போடுங்கள் தம்பி. ஸ்டீராய்டு என்றாலே நம் ஆட்களுக்கு ஒரு பயம். எனக்குத் தோள்பட்டை இறுகிப்போய், சட்டையில் கை நுழைக்க முடியாது, எம்ஆர்டி ரயிலில் மேலே இருக்கும் பிடியைப் பிடிக்க முடியாது. அந்தப் பக்கம் புரண்டால் தூக்கம் போச்சு. ஒரே ஊசி. நாலாம் நாள் விடிய விடியத் தூங்கினேன். அதற்குப் பிறகுதான் கையைத் தூக்கிப் பயிற்சியே செய்ய முடிந்தது. வலியைப் பொறுத்துக்கொண்டு கிடப்பதில் என்ன பெருமை?

செங்காங் அக்கா
அண்ணே, உங்களுடையது தோள். தம்பி கேட்பது முழங்கை. எனக்கு இதே முழங்கை. ஒரு கிளினிக்கில் ஒரே வருடத்தில் மூன்று ஊசி போட்டார்கள். முதல் ஊசி சொர்க்கம். ஆறு வாரம் வலி என்றால் என்னவென்றே தெரியவில்லை. தீபாவளிக்கு வீட்டைக் கழுவினேன், முறுக்கு பிழிந்தேன். அப்புறம் திரும்பி வந்தது பாருங்கள், முன்பைவிட மோசமாக. இரண்டாவது ஊசி ஒரு மாதம், மூன்றாவது பத்து நாள். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்து, ஐம்பது காசு அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. நம் நிறத்துக்கு நன்றாகவே தெரிகிறது. இதுவும் நடக்கலாம் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதுதான் ஆறவில்லை.

உட்லண்ட்ஸ்72
வலி போனதும் முறுக்கு பிழிந்தால் ஊசி என்ன செய்யும் அம்மா? ஓய்வு கொடுத்திருந்தால் கதை வேறு.

செங்காங் அக்கா
வலிக்காத கையை யார் சும்மா வைத்திருப்பார்கள்? ஆபத்தே அதில்தானே இருக்கிறது. தம்பியின் முதலாளி எதற்குப் போட்டுக்கொண்டு வா என்கிறார்? மறுநாளே மாவு வீசத்தானே!

பிசியோ தம்பி
நான் பிசியோ, அதாவது இயன்முறை சிகிச்சைத் துறையில் வேலை செய்கிறேன். அக்கா சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 165 பேரை வைத்து டென்னிஸ் எல்போவுக்கு ஓர் ஆய்வு செய்தார்கள், 2013இல் வெளிவந்தது. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 54 விழுக்காட்டினருக்கு ஒரு வருடத்துக்குள் வலி திரும்பியது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 12 விழுக்காடுதான். முதல் சில வாரங்களில் ஸ்டீராய்டு ஜெயிக்கும், வருடக் கடைசியில் தோற்கும்.

காரணம் இதுதான். முழங்கையில் பெரும்பாலும் அழற்சி கொஞ்சம்தான். எலும்போடு ஒட்டும் தசைநாண், பழைய கயிறு மாதிரி நாராக நைந்திருக்கும். ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும். கூடவே அந்த நாரைப் புதுப்பிக்கிற செல்களின் வேலையையும் அடக்கிவிடும். குதிகால் நாணில் இதைப் போடத் தயங்குவதும் அதனால்தான், அறுந்துபோகிற அபாயம் உண்டு. உட்லண்ட்ஸ் அண்ணனுக்கு இருந்தது தோள் மூட்டைச் சுற்றிய உறையில் அழற்சி. அங்கே, அதுவும் வலி கடுமையாக இருக்கும் ஆரம்பக் கட்டத்தில், ஊசி நன்றாகவே கேட்கும். விரல் மடங்கி மாட்டிக்கொள்கிற ட்ரிகர் ஃபிங்கருக்கும் அப்படித்தான், நிறையப் பேருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாது.

தேக்கா அண்ணனுக்கு ஒரு கேள்வி. உங்களுக்குச் சர்க்கரை உண்டா?

தேக்காக்காரன்
உண்டு தம்பி. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். போன முறை மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.1 விழுக்காடு வந்தது.

பிசியோ தம்பி
அப்படியானால் அதை ஊசி போடுபவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மூட்டில் போட்டாலும் மருந்து ரத்தத்தில் கலக்கும். சில நாள், சிலருக்கு ஒரு வாரம், சர்க்கரை ஏறும். போட்டால் வீட்டில் தினமும் குத்திப் பார்க்க வேண்டும்.

உட்லண்ட்ஸ்72
சரி, முழங்கையை விடுங்கள். என் அம்மாவுக்கு 78 வயது. முட்டித் தேய்மானம். இதயப் பிரச்சினையால் அறுவை சிகிச்சைக்கு டாக்டர்கள் தயங்குகிறார்கள். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை ஊசி. அதையும் தப்பு என்பீர்களா?

செங்காங் அக்கா
முட்டியில் அடிக்கடி போட்டால் குருத்தெலும்பு தேய்கிறது என்று படித்தேன் அண்ணே.

பிசியோ தம்பி
அமெரிக்காவில் 2017இல் வெளியான ஆய்வு அது. 140 பேர், 12 வாரத்துக்கு ஒரு ஊசி, இரண்டு வருடம். ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது, வலியில் உப்புநீருக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஆனால் ஒன்று, வலியை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கேட்டார்கள். ஊசி போட்ட முதல் சில வாரத்து நிம்மதி அந்தக் கணக்கில் வரவே இல்லை.

உட்லண்ட்ஸ்72
அந்தச் சில வாரம்தான் எங்களுக்கு வேண்டும். அந்த நாட்களில் அம்மா புளோக் கீழே இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் சந்தைக்குப் போய்க் கீரை வாங்கி வருகிறார். குருத்தெலும்பு அரை மில்லிமீட்டர் குறைந்தால் 78 வயதில் யாருக்கு என்ன? கீழே போக முடியாமல் சன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பதும் ஒரு நோய்தான்.

செங்காங் அக்கா
இதில் உங்களோடு சண்டை போட மாட்டேன் அண்ணே. என் அம்மாவாக இருந்தால் நானும் போடுவேன். 47 வயதுக் கை வேறு, அதை வைத்து இன்னும் இருபது வருடம் சம்பாதிக்க வேண்டும்.

ஜூரோங் வாசி
ஊசியெல்லாம் எதற்கு? இணையத்தில் மூட்டுவலி மாத்திரை விற்கிறார்கள், மூலிகை. என் மாமாவுக்கு இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது.

பிசியோ தம்பி
தயவுசெய்து உடனே மாமாவை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மாத்திரை டப்பாவையும் எடுத்துப் போங்கள். மூலிகை என்று விற்ற இப்படிப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததாகச் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டர்தான் நிறுத்த வேண்டும்.

உட்லண்ட்ஸ்72
தேக்கா தம்பிக்கு வருவோம். ஊசி வேண்டாம் என்று சொல்வது சுலபம். பரோட்டாக் கடையில் நிற்பவருக்கு மூன்று மாதம் எம்சி (மருத்துவ விடுப்பு) யார் தருவார்? ஓய்வும் காசு உள்ளவனுக்குத்தான் கிடைக்கிறது.

பிசியோ தம்பி
அது நியாயமான கேள்வி அண்ணே. முழு ஓய்வு தேவையில்லை, பாரத்தை மாற்றினால் போதும். பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் இது தானாகவே அடங்கும். இதற்கிடையில் ஒரு பயிற்சி. முன்கையை மேசைமேல் வையுங்கள், உள்ளங்கை கீழ்ப்பக்கம், மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே. தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். இடது கையால் மேலே தூக்கிவிட்டு, வலது கையால் மட்டும் மெதுவாக நாலு எண்ணி இறக்குங்கள். லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலை வலி கூடியிருந்தால் பாரத்தைக் குறையுங்கள். பலதுறை மருந்தகத்தில் பிசியோ பார்க்கக் கேளுங்கள்.

தேக்காக்காரன்
முதலாளியிடம் பேசினேன். இரண்டு மாதம் கல்லை விட்டுக் கல்லாவில் உட்காரச் சொன்னார், சம்பளம் கொஞ்சம் குறையும். மாவு வீச வேறொரு பையன் வருகிறான். ஊசியைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். நேற்று பாட்டிலை இறக்கிப் பார்த்தேன், மூன்றாவது முறையிலேயே கை நடுங்கியது.

உட்லண்ட்ஸ்72
இரண்டு மாதத்தில் சரியாகாவிட்டால் தயங்காமல் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி. வலியோடு வேலை செய்து குடும்பத்தை ஓட்டுகிறவனை யாரும் குறை சொல்ல முடியாது.

செங்காங் அக்கா
பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள் தம்பி. எனக்கும் முதல் வாரம் நடுங்கியது. ஐந்தாவது வாரம்தான் முழுப் பாட்டிலுக்கு வந்தேன்.