சைபர் செக்யூரிட்டியில் முதுநிலை: படித்தவர்கள் சொல்கிறோம்

ஏழு வருடம் சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்துவிட்டுத்தான் முதுநிலையில் சேர்ந்தேன். ஃபயர்வால் விதி எழுதுவேன், மென்பொருள் ஓட்டைகளுக்குப் பேட்ச் போடுவேன், வயர்ஷார்க் என்ற கருவியில் நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டைப் பிரித்துப் பார்ப்பேன். இதைவிடப் பெரிய கருவிகளைக் கையில் கொடுப்பார்கள் என்று நம்பிப் போனேன். முதல் பருவம் முழுக்க எண் கோட்பாடு, இயங்குதளம், சி மொழியில் நினைவகம் எப்படி ஒதுக்கப்படுகிறது, இவைதான். தெரியாமல் சேர்ந்துவிட்டோமோ என்று பல நாள் தவித்தேன்.

இரண்டாம் பருவத்தில் ஹார்ட்பிளீட் லேப் வந்தது. இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டையின் பெயர் அது. 2014 ஏப்ரலில் அந்த ஓட்டை வெளியே தெரிந்தபோது ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேட்ச் போட்டவன் நான். சர்வர்களின் டிஜிட்டல் சான்றிதழ்களையும் மறையாக்கச் சாவிகளையும் மாற்றினோம். எதனால் வந்தது என்று கேட்க அன்று நேரமில்லை.

லேபில் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தனியாக ஒரு மெய்நிகர் கணினியில் போட்டுக் கொடுத்தார்கள். 'இருக்கிறாயா?' என்று விசாரிக்கிற மாதிரி ஒரு சின்னச் செய்தி போகும். அதன் நீளமும் கூடவே போகும். சர்வர் அதே செய்தியைத் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். நீளத்துக்கு இரண்டு பைட் இடம், ஆகவே 65,535 வரை எழுதலாம். நாங்கள் சில எழுத்துகளை அனுப்பிவிட்டு, நீளம் பல ஆயிரம் என்று எழுதினோம். சர்வர் நம்பிவிட்டது. குறைந்ததைத் தன் நினைவகத்திலிருந்தே அள்ளிப் போட்டு அனுப்பியது. முதல் இரண்டு முறை வெறும் குப்பை. மூன்றாவது முறை, திரையின் வலது ஓரத்தில் வரிசையாக நின்ற புள்ளிகளுக்கு நடுவே, சற்று முன் நான் தட்டிய பாஸ்வேர்டு எழுத்து பிசகாமல் இருந்தது. சோதனைக்காக வைத்ததுதான். ஆனாலும் உடம்பு சில்லிட்டுப் போனது.

அப்புறம் பேராசிரியர் திருத்தத்தைக் காட்டினார். சொன்ன நீளமும் வந்த நீளமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை. அது இல்லாமலேயே 2012 மார்ச்சிலிருந்து இரண்டு வருடம் ஓடியிருக்கிறது. இப்போது எந்த நிரலைத் திறந்தாலும், இந்த எண்ணைச் சொன்னது யார், சரிபார்த்தது யார் என்றுதான் முதலில் தேடுகிறேன். கருவிகளை வேலையிலேயே பழகிக்கொள்ளலாம். இந்தப் பார்வை எனக்கு வகுப்பில்தான் வந்தது.

* * *

அண்ணா, நீங்கள் சொன்ன எண் கோட்பாட்டைக் கண்டு நடுங்கியவள் நான். வணிகவியல் படித்துவிட்டு வந்தேன். ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையின் பாடம் இரண்டு வாரம் தலைக்குள் ஏறவே இல்லை. கடைசியில் தாளை எடுத்து 5, 11 என்ற இரண்டு பகா எண்களை வைத்துக் கையாலேயே போட்டுப் பார்த்தேன். பெருக்கினால் 55. செய்தியைப் பூட்டும் பொதுச் சாவி 3, திறக்கும் தனிச் சாவி 27. செய்தி 7 என்று வைத்துக்கொண்டேன். 7-இன் கனம் 343, அதை 55-ஆல் வகுத்தால் மீதி 13. இந்த 13-ஐ 27 முறை பெருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் 55-ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொண்டு. கடைசி வரியில் 7 திரும்பி வந்தபோது கண் கலங்கிவிட்டது. கணினி பின்னணி இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். சேருவதற்கு முன் ஆறு மாதம் பைத்தான் நிரல் மொழியும் நெட்வொர்க் அடிப்படையும் படித்துக்கொள்ளுங்கள், அது போதும்.

* * *

ஆய்வேடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போலி மின்னஞ்சலை யார் யார் சொடுக்குகிறார்கள் என்று பார்ப்பது என் தலைப்பு. நெறிமுறைக் குழு முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டது. ஏமாற்றிய பிறகு அவர்களிடம் என்ன சொல்வீர்கள் என்று ஒரே கேள்வி. என்னிடம் பதில் இல்லை. யாருடைய பெயரும் பதிவாகாது, முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் நேரில் விளக்குவேன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. நான்கு மாதம் போனது, அப்போது கோபமாகவும் இருந்தது.

பிறகு விளக்கப் போனபோது ஓர் அம்மா, தான் சொடுக்கிவிட்டதால் வேலை போய்விடுமோ என்று இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்றார். இது ஆய்வுதான், உங்கள் பெயர் எங்கேயும் இல்லை என்று என் தாள்களை எல்லாம் அவர் முன்னால் விரித்து வைத்துக் காட்டினேன்.