தையல் அறையில் அடுத்தவர் துணி

முடிச்சூர்

வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன், 17 வருஷமாக. பத்துக்கு ஒன்பது அடியில் ஒரு அறை, மிஷின், கட்டிங் டேபிள், ஒரு ராக், அவ்வளவுதான். துணியை எப்படி வைக்க வேண்டும் என்பதை ஏதாவது ஒன்று கெட்டுப்போன பிறகுதான் கற்றுக்கொண்டேன், அதனால் கெட்டுப்போனதையே முதலில் சொல்கிறேன்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி எங்கள் பக்கம் எப்படித் தண்ணீர் நின்றது என்று தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். ராத்திரி தண்ணீர் வாசலைத் தாண்டியதும் நானும் என் வீட்டுக்காரரும் மிஷினைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தோம். தைக்க வந்த துணியெல்லாம் கட்டிங் டேபிளுக்கு அடியில், தரையிலேயே கட்டைப் பைகளில் இருந்தது, அந்த அவசரத்தில் அது நினைவுக்கே வரவில்லை. மூன்று நாள் கழித்து ஒரு பையைப் பிரித்தேன். மேலே அரக்கு நிற லைனிங், அதற்கு அடியில் சந்தன நிறத்தில் ஒரு பட்டு பிளவுஸ் பிட். லைனிங் சாயம் மொத்தமும் பட்டில் இறங்கியிருந்தது. நாலாக மடித்து வைத்திருந்த துணி அது, விரித்தால் நாலு இடத்திலும் ஒரே அளவில், ஒரே வடிவத்தில் சிவப்புத் திட்டு. தைக்கக் கொடுத்த ஒரு அம்மா தன் மகள் கல்யாணத்துக்குக் கட்ட வேண்டிய புடவை, பிட் புடவையோடு சேர்த்தே நெய்தது, எந்தக் கடையில் போய்த் தேடுவேன்? அந்த அம்மாவின் வீட்டிலும் தண்ணீர்தான். போய்ச் சொன்னபோது என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, பணம் கொடுத்தும் வாங்கிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

வெள்ளத்தை நான் தடுத்திருக்க முடியாது. ஆனால் அந்த லைனிங்கைக் கடையில் வாங்கிவந்தபடி, நனைக்காமல், பட்டுக்கு மேலேயே வைத்தது நான்தான். இப்போது எந்த லைனிங்கும் வாங்கிய அன்றே தண்ணீரில் போய்விடும். அடர் நிறம் என்றால் தனித்தனி வாளி. சாயம் போகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும், சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும், தைத்துக் கொடுத்த பிறகு முதல் துவைப்பில் பிளவுஸ் இறுக்கிப் பிடிக்கிறது என்று யாரும் திரும்பி வருவதில்லை. காய்ந்து இஸ்திரி போட்ட பிறகுதான் ராக்குக்குப் போகும். ராக்கின் கீழ்த்தட்டே தரையிலிருந்து இரண்டடி உயரம்.

அப்புறம் ஒரு வீட்டுத் துணிக்கு ஒரு பை. கல்யாண வீடுகளில் கொடுக்கிற தாம்பூலப் பை நம் எல்லார் வீட்டிலும் குவிந்து கிடக்கும், அதில் சாயம் போகாத துணிப்பையாகப் பார்த்து எடுத்துக்கொள்வேன். பிளவுஸ் துணி, லைனிங், அளவு பிளவுஸ், கொடுக்க வேண்டிய தேதி எழுதிய சீட்டு, நாலும் ஒரே பையில். பட்டாக இருந்தால் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றித்தான் பைக்குள் வைப்பேன். சீட்டைக் குண்டூசியால் குத்தாதீர்கள். ஒரு ஐப்பசி மழையில் குத்திய ஊசி துருப்பிடித்து, கடுகளவு பழுப்புப் புள்ளி விழுந்து, என்ன செய்தும் போகவில்லை. நான் சீட்டைப் பையின் காதில் இரண்டு ஓட்டுத்தையல் போட்டு நிறுத்திவிடுகிறேன், பிரிக்கும்போது இழுத்தால் வந்துவிடும்.

சின்னாளப்பட்டி

அக்கா, படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. எனக்கு வெள்ளம் வரவில்லை, பூச்சி வந்தது. எங்கள் ஊர் சுங்குடிச் சேலைகளை விற்கவும் செய்கிறேன், அதிலேயே சுடிதார், நைட்டி தைத்தும் கொடுக்கிறேன். மொடமொடவென்று கஞ்சி போட்ட துணியை அட்டைப் பெட்டியில் அடுக்கிப் பரணில் வைத்திருந்தேன். நாலு மாசம் கழித்து இறக்கினால் மடிப்பு ஓரமெல்லாம் அரித்த மாதிரி சின்னச் சின்ன ஓட்டை. உதறியதும் வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, ராமபாணப் பூச்சி. அதற்குக் கஞ்சிதான் சாப்பாடு, பெட்டியின் காகிதமும் பசையும்கூட. ஆறு சேலை போயிற்று.

இப்போது கஞ்சியை அலசி எடுத்து நிழலில் காயவைத்த பிறகே உள்ளே வைக்கிறேன், அட்டைப் பெட்டியைத் தூக்கிவிட்டுத் தகரப் பெட்டிக்கு மாறிவிட்டேன். ஒரு சந்தேகம் அக்கா, கஞ்சி போன துணி வெட்டும்போது தொய்ந்து நழுவுகிறதே, நீங்கள் என்ன செய்வீர்கள்? பட்டுக்கு அந்துருண்டை போடலாமா?

திருப்பூர்

நான் பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறேன், வீட்டில் மனைவி குழந்தைகளுக்கு டிஷர்ட், டவுசர் தைக்கிறார். மேலே சொன்னதெல்லாம் நெய்த துணிக்குச் சரி, பின்னல் துணி வேறு ரகம். வீட்டில் இடம் இல்லை என்று பனியன் துணியைக் கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தார். தன் பாரத்திலேயே இழுபட்டு நீண்டுவிட்டது. அதை அப்படியே வெட்டித் தைத்த சட்டை துவைத்ததும் ஏறிப்போய்ப் பையனின் தொப்புள் தெரிந்தது. பின்னல் துணியைப் படுக்கவைத்துத்தான் அடுக்க வேண்டும், மேலே பாரம் கூடாது. கம்பெனியிலும் ரோலைப் பிரித்து ஒரு நாள் தளர்வாகப் போட்டுவைத்த பிறகே வெட்டுவோம்.

முடிச்சூர்

திருப்பூர் அண்ணா, இது எனக்குத் தெரியவே தெரியாது. என்னிடமும் கொஞ்சம் பனியன் துணி ஹேங்கரில்தான் தொங்குகிறது, இன்றைக்கே இறக்கிவிடுகிறேன்.

தங்கச்சி, வெட்டுவதற்கு முன் லேசாகத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடு, நூல் நேராக நிற்கும். அப்படியும் நழுவினால் ஓரத்தில் மட்டும் மெல்லிசாகக் கஞ்சி தடவிக்கொள், தைத்ததும் அலசிவிடலாம். ஜரிகை இருக்கிற துணியில் அந்துருண்டை படவே கூடாது, கறுத்துவிடும். நான் காய்ந்த வேப்பிலையையும் இரண்டு துண்டு வசம்பையும் துணி முடிச்சாகக் கட்டி அலமாரி மூலையில் வைக்கிறேன். பட்டைப் பிளாஸ்டிக் கவரில் போடாதே, ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை மாற்றி மடித்துவை, ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். பரணில் இன்னும் பெட்டி இருந்தால் புரட்டாசிக்குள் இறக்கிப் பார்த்துவிடு, ஐப்பசி பிறந்தால் காயவைக்க வெயில் கிடைக்காது.