இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் வீட்டிலேயே பிரித்தறிய முடியுமா?

கேள்வி: தேனருவி

வணக்கம். என் தாயாருக்குப் பரிசளிக்க ஒரு முத்துமாலை தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு மாலைகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது பழைய மாலை. அதில் இருப்பவை இயற்கை முத்துகள் என்று விற்பவர் உறுதியாகச் சொல்கிறார், ஆனால் ஆய்வுக்கூடச் சான்று எதுவும் இல்லை. அதற்கு மாறாக, முத்தைப் பல்லில் தேய்த்து நறநறவென்று இருப்பதை உணரச் செய்தார். இரண்டு முத்துகளை ஒன்றோடொன்று உரசி, உதிர்ந்த வெண்பொடியைக் காட்டினார். வேண்டுமானால் நெருப்பில் காட்டவும் ஆயத்தமாக இருப்பதாகச் சொன்னார். இரண்டாவது புதிய அக்கோயா மாலை, அதாவது அக்கோயா என்னும் கடல் முத்துச்சிப்பியில் விளைந்த முத்துகளால் ஆனது. அது வளர்ப்பு முத்து என்றும் 'ஏ ஏ ஏ' தரத்தைச் சேர்ந்தது என்றும் அதன் சீட்டில் எழுதியிருக்கிறது. பழைய மாலையின் விலை இதைவிடப் பல மடங்கு அதிகம். அவர் செய்து காட்டிய சோதனைகளை நம்பலாமா? வளர்ப்பு முத்து என்பது போலிதானா? எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: சிப்பிக்கூடு

அந்தச் சோதனைகள் பொய்யானவை அல்ல. ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு அவை விடை தருவதில்லை. பல்லில் நறநறப்பதும் உரசினால் வெண்பொடி உதிர்வதும் முத்தின் மேற்பரப்பு உண்மையான முத்துப்படலத்தால் ஆனது என்பதை மட்டுமே காட்டுகின்றன. கண்ணாடி மணியின் மீதோ பிளாஸ்டிக் மணியின் மீதோ மீன்செதில் பூச்சு ஏற்றிய போலியை இவ்வழியில் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். வளர்ப்பு முத்தின் மேற்பரப்பும் அதே சிப்பி சுரந்த அதே படலம் என்பதால், அதுவும் அப்படியே நறநறக்கும், அப்படியே பொடி உதிர்க்கும். நெருப்புச் சோதனையை மட்டும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். முத்தின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதன் அடுக்குகளைப் பிணைத்திருப்பது ஒரு கரிமப்பொருள். சூடு அந்தப் பிணைப்பைக் கெடுத்து நிறத்தையும் ஒளியையும் அழித்துவிடும்.

முத்து எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்தால் வேறுபாடு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரியும். சிப்பியின் உடலைப் போர்த்தியிருக்கும் மேலுறைத் திசுதான் ஓட்டின் உட்புறப் பளபளப்பைச் சுரக்கிறது. ஒட்டுண்ணியாலோ காயத்தாலோ அந்தத் திசுவின் செல்கள் சில உடலுக்குள் இடம்பெயர்ந்து ஒரு பையாக வளர்ந்து, அந்தப் பைக்குள் படலத்தை அடுக்கடுக்காகச் சுரக்கும்போது இயற்கை முத்து பிறக்கிறது. மணல்துகள் உள்ளே புகுவதால்தான் முத்து விளைகிறது என்ற பரவலான நம்பிக்கைக்குச் சான்று மிகக் குறைவு. வளர்ப்பில் இதே நிகழ்வை மனிதர் தொடங்கி வைக்கிறார். நன்னீர் மட்டியின் தடித்த ஓட்டிலிருந்து கடைந்தெடுத்த உருண்டை மணியையும் வேறொரு சிப்பியின் மேலுறைத் திசுத்துண்டையும் முத்துச்சிப்பிக்குள் வைக்கிறார். அதன்பின் சுரப்பது சிப்பிதான். ஆகவே வளர்ப்பு முத்து போலி அல்ல. ஆனால் அதை இயற்கை முத்து என்று சொல்லி விற்பது ஏமாற்று.

எனவே வேறுபாடு முழுவதும் உள்ளேதான் இருக்கிறது. இயற்கை முத்தில் நடுவிலிருந்து வெளிவரை வெங்காயத்தைப் போல வளைந்த அடுக்குகள் இருக்கும். மணி வைத்து வளர்த்த முத்தில், நேர்க்கோடாக அடுக்குகள் ஓடும் ஒரு மணியும் அதைச் சுற்றி ஓரளவு மெல்லிய படலமும் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியால் கோர்ப்புத் துளையின் விளிம்பைப் பாருங்கள். மணிக்கும் படலத்துக்கும் இடையே பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் ஒரு தெளிவான எல்லைக்கோடு தெரிந்தால் அது வளர்ப்பு முத்து. வலுவான சிறு விளக்கை முத்தின் பின்னால் பிடித்து மெல்லச் சுழற்றும்போது உள்ளே இணைகோடுகள் தெரிந்தாலும் அப்படியே. இவை தெரியாவிட்டால் அது இயற்கை முத்து என்று முடிவுகட்டக் கூடாது. படலம் தடிப்பாக இருந்தாலோ, மணியே இல்லாமல் திசுவை மட்டும் வைத்து வளர்த்த நன்னீர் முத்தாக இருந்தாலோ எந்தக் கோடும் தெரியாது. வீட்டுச் சோதனை "இது வளர்ப்பு முத்து" என்று சில வேளை சொல்லும். "இது இயற்கை முத்து" என்று ஒருபோதும் சொல்லாது. அதைச் சொல்லும் தகுதி ஆய்வுக்கூடத்தின் எக்ஸ்-கதிர்ப் படத்துக்குத்தான் உண்டு.

மறுமொழி: பழநகை

மாலை பழையது என்பதை யாரும் சான்றாகக் கொள்ள வேண்டாம். ஜப்பானின் மிகிமோட்டோ கோகிச்சி 1893-இல் அரைக்கோள வடிவ வளர்ப்பு முத்துகளை விளைவித்தார். முழு உருண்டை வளர்ப்பு முத்துகள் 1920-களின் தொடக்கத்திலேயே ஐரோப்பியச் சந்தைக்கு வந்துவிட்டன. நூறாண்டு பழமையான கொக்கியுடன் கூடிய மாலையில்கூட வளர்ப்பு முத்துகள் இருக்கலாம். பழைய கொக்கியில் புதிய முத்துகளைக் கோர்த்திருக்கவும் வாய்ப்புண்டு. அதற்கு முன் இயற்கை முத்து எத்தகைய மதிப்பில் இருந்தது என்பதற்கு, 1917-இல் கார்ட்டியே என்னும் நகை நிறுவனம் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் உள்ள மாளிகையைப் பெறுவதற்கு ஈடாக இரட்டைச்சர இயற்கை முத்துமாலை ஒன்றைக் கொடுத்ததே போதும்.

மாலையிலுள்ள முத்துகள் எல்லாம் ஒரே அளவிலும் ஒரே உருண்டையிலும் ஒரே நிறத்திலும் இருந்தால் என் ஐயம் கூடும். இயற்கையில் அப்படி ஒத்த முத்துகளைச் சேர்ப்பது மிகக் கடினம் என்பதால், பழைய மாலைகளில் நடுவில் பெரியதும் ஓரங்களில் சிறியதுமாகக் கோர்ப்பதே பெருவழக்கு. ஆயினும் வளர்ப்பு முத்துகளையும் அதே பாணியில் கோர்த்திருக்கிறார்கள் என்பதால், இதையும் ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: நூலிழை

அக்கோயா மாலையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 'ஏ ஏ ஏ' என்பதற்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் கிடையாது. ஒருவரின் மூன்று ஏ இன்னொருவரின் ஒரு ஏ ஆக இருக்கலாம். எனவே சீட்டை ஒதுக்கிவிட்டு முத்தைப் பாருங்கள். பளபளப்பில்லாத வெள்ளைத் துணியில் மாலையைக் கிடத்தி, நேர்வெயில் படாத பகலொளியில் உருட்டுங்கள். சன்னலின் பிம்பம் முத்தின் மேல் கூர்மையான விளிம்புகளுடன் தெரிந்தால் ஒளிர்வு சிறந்தது. மங்கிக் கலைந்து சுண்ணாம்புபோல் வெளிறித் தெரிந்தால் அந்த மாலை வேண்டாம். அளவைவிட ஒளிர்வுக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

அக்கோயாவில் படலத்தின் தடிப்பு பெரும்பாலும் அரை மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். விரைந்து அறுவடை செய்தவற்றில் அதைவிடக் குறையும். உருட்டும்போது உள்ளே இருக்கும் மணியின் பட்டைகள் மின்னி மறைந்தாலோ, துளையோரத்தில் படலம் பெயர்ந்திருந்தாலோ அது மெலிந்த படலம், நெடுநாள் உழைக்காது. அறுவடைக்குப் பின் வெளுப்பதும் மென்மையான இளஞ்சிவப்புச் சாயல் ஏற்றுவதும் இவ்வகை முத்தில் வழக்கம்தான், அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அடர்நிறம் சொல்லி விற்கும்போது துளைக்குள் பாருங்கள். நிறம் அங்கே திரண்டு நின்றால் சாயமிட்டது.

கேள்வியாளர்: தேனருவி

மிக்க நன்றி. பழைய மாலையைச் சோதனைக்கு அனுப்ப விற்பவர் தயங்குகிறார். எக்ஸ்-கதிர் பட்டால் முத்து கெடும் என்றும், மாலையை அறுக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்கிறார். இது உண்மையா?

மறுமொழி: சிப்பிக்கூடு

சோதனைக்குப் பயன்படும் எக்ஸ்-கதிர் அளவால் முத்து கெடாது. சில முத்துகளைக் கருக்க வைப்பதற்காகவே செலுத்தும் கதிர்வீச்சின் அளவு வேறு. கோர்த்த மாலையை அப்படியே வைத்துப் படமெடுக்கவும் முடியும். மணியில்லாத வளர்ப்பு முத்துகள் இருக்கும் என்ற ஐயம் எழுந்தால், நுண்குறுக்குவெட்டுப் படங்கள் தரும் சி.டி. ஸ்கேன் கருவியையும் ஆய்வுக்கூடங்கள் துணைக்குக் கொள்கின்றன. கடல்முத்தா நன்னீர்முத்தா என்பதை அவற்றிலுள்ள மாங்கனீசின் அளவு காட்டிக்கொடுக்கும்.

இயற்கை முத்துக்குரிய விலையைக் கேட்பவர் அதற்கான சோதனைக்கு உடன்பட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பொருளைச் சோதனைக்கு அனுப்பவும், அறிக்கை வேறாக வந்தால் முழுப்பணத்தையும் திருப்பித் தரவும் எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். அவர் மறுத்தால், வளர்ப்பு முத்துமாலைக்கு எவ்வளவு தருவீர்களோ அதற்கு மேல் ஒரு காசும் தராதீர்கள். அறிக்கை வந்ததும் அதிலுள்ள எடை, முத்துகளின் எண்ணிக்கை, அளவுகள், புகைப்படம் ஆகியவை கையிலுள்ள மாலையோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மாலையிலுள்ள எல்லா முத்துகளையும் சோதித்தார்களா, சிலவற்றை மட்டுமா என்பதையும் அதில் படித்துக்கொள்ளுங்கள். அறுந்து தொலைந்த இயற்கை முத்துகளுக்குப் பதிலாக வளர்ப்பு முத்துகளைச் சேர்த்துக் கோர்த்த பழைய மாலைகள் உண்டு.