‘திரட்கோவை’ என்னும் சொல் பற்றி

மதிப்பிற்குரிய ஐயா,

மின்னூட்டம் கொண்ட பலபடிச் சங்கிலியும் (சிறு அலகுகள் தொடராக இணைந்த நீண்ட மூலக்கூறு), எதிர் மின்னூட்டம் கொண்ட பரப்பியங்கியும் (சோப்பைப் போல நீர்விரும்பும் தலையும் நீர்வெறுக்கும் வாலும் உடைய மூலக்கூறு) நீரில் கூடி ஒழுங்கான அமைப்பாவதற்கு ‘பலபடி அணைவு’ என்ற சொல்லை முன்மொழிந்திருந்தீர்கள். சுருக்கமான சொல்தான். ஆனால் நாகர்கோவிலில் பல ஆண்டுகளாக வேதியியல் நடத்திவருகிற என் வகுப்பில் ‘அணைவு’ என்றாலே மாணவர்களுக்கு நடுவில் ஓர் உலோக அயனியும் அதைச் சுற்றிப் பிணைந்திருக்கும் ஈனிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘வீழ்படிவு’ என்பதும் போதாது. அது அடியில் தங்குவதைச் சொல்கிறதே தவிர, உள்ளே இருக்கும் ஒழுங்கைச் சொல்வதில்லை.

மட்டி வாழையின் இளங்குருத்தை அரைத்து டி.என்.ஏ. பிரிக்கும்போது இந்நிகழ்வைக் கண்ணால் காணலாம். 1.4 மோலார் சோடியம் குளோரைடு கலந்த கரைசலில், செட்டில் ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு என்னும் பரப்பியங்கியும், இங்கே பலபடிச் சங்கிலியாக உள்ள டி.என்.ஏ.வும் கரைந்தே நிற்கின்றன. நீர் சேர்த்து உப்பின் செறிவை 0.4 மோலாருக்குக் கீழே இறக்கினால் வெண்மையாகத் திரண்டு பிரிகின்றன. அந்தத் திரளை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தால், டி.என்.ஏ. இழைகளும் பரப்பியங்கி மூலக்கூறுகள் வால்களை உள்ளே வைத்துத் திரண்ட உருளை வடிவ மிசெல்களும் அறுகோண ஒழுங்கில் அடுக்காக அமைந்திருப்பது தெரிகிறது. தனித்து மிசெல் ஆவதற்கு இப்பரப்பியங்கிக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல் வேண்டும். சங்கிலி உடனிருந்தால் அதைவிட மிகக் குறைந்த செறிவிலேயே மூலக்கூறுகள் சங்கிலியை ஒட்டிக் கூடிவிடுகின்றன. ஒன்று அமர்ந்ததும் அதன் நீர்வெறுக்கும் வால் அடுத்ததற்கு இடமமைத்துக் கொடுக்கிறது.

மற்றொரு நண்பர் கூறிய ‘மின்கவர் கூட்டு’ என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. எதிர் மின்னூட்டங்கள் ஈர்த்துக்கொள்வது உண்மையே என்றாலும், இதுவரை சங்கிலியையும் மிசெலையும் சூழ்ந்திருந்த சோடியம், புரோமைடு அயனிகள் விடுபட்டு நீரில் பரவுவதால் உண்டாகும் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) உயர்வே இக்கூடலுக்குப் பெரிய காரணம். உப்பு மிகுந்த கரைசலில் அயனிகள் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் அந்த ஆதாயம் குறைகிறது. கவர்ச்சியை மட்டும் பெயரில் வைத்தால் மாணவர் உப்பின் பங்கைத் தவறவிடுவார்.

ஆகவே ‘திரட்கோவை’ என்று சொல்லலாம் என நினைக்கிறேன். சங்கிலியில் மிசெல் திரள்கள் முத்துப்போல் கோக்கப்பட்டிருக்கும் நிலைக்கு இது நேராகப் பொருந்துகிறது. அக்கோவைகள் நெருங்கி அடுக்காக அமைந்த திண்ம நிலையைத் ‘திரட்கோவை அடுக்கம்’ எனலாம். தோவாளையில் பூத்தொடுப்பவர்கள் நாரில் பூவைக் கட்டுவதையும், மாணிக்க மாலையில் அரளியை மடித்துப் பாய்போல வரிசையாக நெருக்குவதையும் அருகிருந்து பார்த்தவர்களுக்கு இவ்விரு நிலைகளின் வேறுபாட்டை விளக்கவே வேண்டாம்.

‘கோவை’ என்றால் ஊர்ப்பெயர் நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். கூட்டுச்சொல்லில் பின்னால் வருவதால் மணிக்கோவை போலவே அது ஒலிக்கும்; குழப்பம் நேராது. ஒழுங்கு இல்லாமல், பலபடி செறிந்த துளிகளாகவே பிரிந்து நிற்கும் நீர்ம நிலைக்கு மட்டும் இச்சொல்லை நீட்டக் கூடாது. அதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘செறிதுளி’ பொருந்துமா என்பதைத் தாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.